சனிக்கிழமை

வெள்ளிக்கிழமை மாலை கையெழுத்தானது.
மறுநாள் ஏழரைக்கெல்லாம்
நந்தோவின் கறிக்கடையில் முதல் ஆளாய் நின்றேன்.
"எவ்வளவு, லொரெதானா?"
"ஒன்றரைக் கிலோ."
"விருந்தா?"
"இல்லை. ஒரே ஆள்."
கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.
பிறகு ஒரு துண்டு கூடப் போட்டான்,
அதற்குக் காசு வாங்கவில்லை.

ரோமில் சனிக்கிழமை என்றால் மாட்டு வயிறு.
சட்டமெல்லாம் இல்லை,
சாப்பாட்டுக் கடைப் பலகையில்
சாக்கட்டியால் எழுதிப் போடுவார்கள், அவ்வளவுதான்.
என் அடுக்களைக்கு மட்டும்
பதினோரு வருடமாய்ச் சனிக்கிழமை வரவில்லை.
வெள்ளி முடிந்தால் நேரே ஞாயிறு.
துல்லியோவுக்கு அந்த வாடை ஆகாது.
இரண்டாம் மாடிக்காரி சமைத்தாலும்
படியேறி வந்து என்னைத்தான் முறைப்பான்.

சுத்தம் செய்துதான் விற்கிறார்கள். இருந்தும்
உப்பும் வினிகரும் போட்டுத் தேய்த்தேன்.
ஒரு பக்கம் நனைந்த துவாலை,
புரட்டினால் தேனடை,
அறை அறையாய், ஆறாறு மூலையாய்.
தேன் இல்லை.
அந்தப் பசு மென்ற புல்லின் பச்சையும் இல்லை.
இவ்வளவு அறைகள், ஒன்றிலும் ஆளில்லை
என்று ஏதோ நினைக்கத் தொடங்கி
அதை நிறுத்திவிட்டு
விரல் அகலத்துக்கு நறுக்கினேன்.

செலரி, கேரட், கிராம்பு குத்திய வெங்காயம்.
முதல் கொதியில் வாடை எழுந்தது.
மறைக்க என்ன இருக்கிறது,
மழையில் நனைந்த நாய்,
வெயில் படாத தொழுவம்.
பதினோரு வருடத்தில்
இந்த ஒன்றிலாவது
அவன் பக்கம் நியாயம் இருந்திருக்கிறது.
ஜன்னலைத் திறக்கவில்லை.

வயிறு எரிந்த இரவுகள் எனக்குத் தெரியும்.
வயிற்றில் புளியைக் கரைத்த
தொலைபேசி மணிகளும் தெரியும்.
ஒரு வயிறு சின்னத் தீயில் கிடந்து
முரண்டெல்லாம் விட்டு மெத்தென்று ஆவதைப்
பக்கத்தில் நின்று பார்த்தது இன்றுதான்.
நுரையை எடுத்து எடுத்துக் கொட்டினேன்.

இன்னொரு சட்டியில் பன்றிக் கன்னக் கொழுப்பு உருகியது.
வெங்காயம், ஒரு கிண்ணம் வெள்ளை ஒயின்,
கையால் பிசைந்த தக்காளி.
பால்கனித் தொட்டியில் காட்டுப் புதினா,
அவன் சிகரெட் சாம்பலைத் தட்டித் தட்டி
உரமாக்கி வைத்த செடி.
அது சாகவில்லை. ஒரு கைப்பிடி கிள்ளினேன்.

பதினொன்றரைக்கு அழைப்பு மணி.
இத்தனை நாள் சாவி வைத்திருந்தவன்
எப்படி மணி அடிப்பான் என்று எனக்குத் தெரியாது.
ரொம்பச் சுருக்கமாய் அடித்தான்.
பனிச்சறுக்குக் காலணிப் பெட்டிக்காக வந்திருந்தான்.
மூக்குக்குப் போன கை
பாதி வழியில் நின்றது.
"என்ன சமையல்?"
"உனக்குத் தெரியும்."
"தெரியும்."
பெட்டியை எடுத்தான். போகவில்லை.
புது வீட்டில் மின்சார அடுப்பு,
தண்ணீர் கொதிக்கவே
அரை மணி நேரமாம். அதைச் சொன்னான்.

குழம்பை ரொட்டித் துண்டால் வழித்துத் தின்பதற்கு
எங்கள் பேச்சில் குட்டிச் செருப்பு என்று பெயர்.
காலணி வாங்க வந்தவனுக்கு
அதில் ஒன்று கொடுத்தேன்.
குழம்பு மட்டும். கறி இல்லை. நாற்காலியும் இல்லை.
கோட்டோடு நின்று தின்றான்,
பெட்டி இரண்டு கால்களுக்கும் நடுவில்.
மென்று முடித்து, யோசித்து,
"புதினா கொஞ்சம் தூக்கல்" என்றான்.

கதவைச் சாத்திவிட்டு வந்து ருசி பார்த்தேன்.
தூக்கல்தான்.
இன்னும் நான்கு இலை கிள்ளிப் போட்டேன்.

மேலே பெக்கோரினோ சீஸைத் துருவிக்கொண்டு
மேசையின் அகலமான பக்கத்தில் உட்கார்ந்தேன்.
ஒரு கிண்ணம் இரண்டாம் மாடிக்குப் போனது,
அவள் ஒன்றும் கேட்கவில்லை,
கிண்ணத்தை வாங்கி முகர்ந்தாள்.

திரைச்சீலையில் வாடை, தலையணையில் வாடை,
என் தலைமுடியில்.
சட்டியில் பாதிக்கு மேல் இருக்கிறது.
நாளைக்கும் சனிக்கிழமைதான்.